ஈர்க்குச்சி ஈட்டிகள்

“சண்டை நடத்துறதுக்குப் பொறுமை வேணும்மா. உங்களுக்கெல்லாம் அது வராது. நீ பேசாம பெயின்ட் அடி.”

இதைச் சொன்னவர் வேலூரில் ஒரு பல் டாக்டர். சொல்லும்போது அவருடைய இரண்டு விரலுக்கு நடுவில் ஓர் அங்குல உயரச் சிப்பாய் ஒருவன் இருந்தான். அவனுடைய ஒரு கால்சட்டைக் கால் மஞ்சள், இன்னொன்று கருநீலம். பட்டை பட்டையாக அதைப் பூசியது நான். மூக்குக்குக் கீழே நிழல் வைத்ததும் மீசை முளைக்க வைத்ததும் நான். அப்படி நூற்று இருபது பேருக்குப் பூசியிருந்தேன். மூன்று மாதம், தினமும் விடிந்ததும் ஒரு மணி நேரம், கம்பெனி பஸ் வருவதற்குள். அந்த மனிதர் என்னிடம் பொறுமையைப் பற்றிப் பேசினார்.

‘உங்களுக்கெல்லாம்’ என்றால் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பெண்களுக்கா, ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கா, எங்கள் தெருவில் இருக்கிறவர்களுக்கா? காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரைக்கும் ரயிலில் அதையே மென்றுகொண்டு வந்தேன். குடியாத்தம் ஸ்டேஷனில் வேர்க்கடலை விற்ற அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காத கோபம் அப்படித்தான் யார் மேலாவது போய் விழுகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அந்த டாக்டரிடம் போனோம். வேறு கிளினிக்காக இருந்தால் பல் செட்டு வைத்திருக்கும் கண்ணாடி அலமாரியில், இங்கே ஒரு படை நின்றது. நடுவில் நீள ஈட்டி பிடித்தவர்கள் சதுரமாக. நான்கு மூலையிலும் திரி வைத்த துப்பாக்கிக்காரர்கள். நான் பி.ஏ. வரலாறு படித்தவள். ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் அந்தச் சதுரத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வரும். பரீட்சைக்கு வராது என்று வகுப்பில் எல்லோரும் தாண்டிப் போன பக்கம். நான் தாண்டவில்லை. அதுவரை குதிரையும் இரும்புச் சட்டையும் வாங்க வசதி உள்ளவன்தான் போர்க்களத்தில் பெரிய ஆள். மலைக் கிராமங்களிலிருந்து நடந்தே வந்த சுவிஸ்காரர்கள், மூன்று ஆள் உயர ஈட்டியைப் பிடித்துக்கொண்டு தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். குதிரை வந்து முட்டாமல் நின்றுவிட்டது. ஒருத்தன் மட்டும் தனியாக அந்த ஈட்டியோடு நின்றால் அது துணி காயப்போடத்தான் ஆகும். அறுபது பேர் நின்றால் ராஜா வீட்டுக் குதிரைகூட வழி மாறிப் போகும். அந்த ஒன்றரைப் பக்கத்தை எனக்காக எழுதினதைப்போல் படித்தேன்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறார். அம்மா ஷூ கம்பெனியில், மேல்பாகம் தைக்கும் அப்பர் செக்‌ஷனில் கை வேலை. அதே கம்பெனியில் நான் ஃபைனல் செக்கிங். அம்மா குனிந்து உட்கார்ந்திருக்கும் பெஞ்சிலிருந்து நாற்பது அடி தள்ளி, கையில் பேனாவோடு நிற்கிறேன். அந்த நாற்பது அடி எனக்குப் பெருமைதான். அதை மறைக்க மாட்டேன்.

அலமாரியைப் பார்த்துவிட்டு டாக்டரிடம், “சார், திரி ரெண்டு முனையிலயும் எரியணும். ஒண்ணு அணைஞ்சா இன்னொண்ணு இருக்கும்னு அப்படி வெச்சிருப்பாங்க. இதுல ஒரு முனைதான் சிவப்பா இருக்கு” என்றேன். வாயில் பஞ்சு அடைத்திருந்த அம்மா என்னை முறைத்தாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அலமாரியைத் திறந்து பார்த்தார். “அட, ஆமாம். உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“படிச்சேன் சார்.”

“எந்த காலேஜ்?”

சொன்னேன். “ஓ” என்றார். அந்த ‘ஓ’ எனக்குப் பழக்கமானது. எங்கே போனாலும் ஒரு ‘ஓ’ உண்டு. ஆனாலும் அன்றைக்கு அவர் நல்லவராகத்தான் இருந்தார். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காட்பாடியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் நாலைந்து பேர் சேர்ந்து இந்தப் பொம்மைகளை வைத்துப் பழைய போர்களை ஆடுகிறார்கள் என்றும், வந்து பார் என்றும் சொன்னார்.

போனேன். பெரிய மேஜை, அதன் மேல் பச்சைத் துணி, மரம், வேலி, ஓடை. அங்குலக் கோலால் அளந்து படையை நகர்த்துவார்கள். பகடை உருட்டிச் சுட்டவர், செத்தவர் கணக்கைத் தீர்ப்பார்கள். கூட்டத்தில் விதிப் புத்தகத்தை வைத்திருப்பவர் பாங்கிலிருந்து ரிட்டையர் ஆன ஒருவர். எந்தச் சந்தேகம் வந்தாலும் அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தைத் தேடுவார். புத்தகத்தில் இல்லாத ஒரு வழக்கமும் அங்கே இருந்தது. பொம்மை யாருடையதோ அவர்தான், எந்தப் படையை யார் நடத்துவது என்று சொல்வார். பெரும்பாலான பொம்மை டாக்டருடையது. அதனால் எல்லாம் டாக்டர் சொல்வதுதான்.

நான் இரண்டு ஆட்டம் நின்று பார்த்தேன். மூன்றாவது மாதம் போனபோது எனக்கு ஒரு படை கொடுங்கள் என்று கேட்டேன்.

டாக்டர் ஒரு பெட்டியைத் தூக்கி என் கையில் வைத்தார். சாம்பல் நிறத்தில் நூற்று இருபது சுவிஸ்காரர்கள். பாதி ஈயம், பாதி பிளாஸ்டிக். “இத்தாலியில பிக்கோக்கான்னு ஒரு சண்டை. தீபாவளி கழிச்சு ஆடுவோம். இந்த ரெண்டு சதுரத்தையும் நீ முடிச்சுக் கொடு, சுவிஸ் உன் கையில.”

பாங்க்காரர் உட்பட எல்லோரும் இதைக் காதால் கேட்டார்கள். இது எனக்கு முக்கியம். பின்னால் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போனது என்பதால் சொல்கிறேன்.

ஒரு நல்ல தப்பும் செய்தேன். அதையும் சொல்ல வேண்டும். ஈயப் பொம்மைகளுக்குக் கையும் ஈட்டியும் தனியாக வரும். ஷூ ஊர்க்காரிக்கு ஒட்டுவது என்றால் ஒன்றே ஒன்றுதான். பஜாரில் ஷூ சாமான் கடையில் சொல்யூஷன் வாங்கிவந்தேன். ஷூவின் அப்பரையும் அடிப்பாகத்தையும் ஒட்டுவதைப்போல இரண்டு பக்கமும் தடவி, காய விட்டு, பிசுக்கு வந்ததும் அழுத்தினேன். ஈயத்தில் கல்லைப்போலப் பிடித்தது. அந்தத் தைரியத்தில் பிளாஸ்டிக் பொம்மைகளில் இருபதுக்கு ஒரே மூச்சில் தடவிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் இருபது பேரும் உருகியிருந்தார்கள். முழங்கை வழிந்து இடுப்போடு சேர்ந்துவிட்டது. ஈட்டிகள் வெயிலில் வைத்த மெழுகுவத்தியைப்போல் தலை கவிழ்ந்திருந்தன. தோலும் ரப்பரும் தாங்குகிற சொல்யூஷனைப் பிளாஸ்டிக் தாங்காது. எங்கள் ஊரில் பிறந்த யாரும் முதல் தடவை இதைத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கே எடுத்துப் போய்க் காட்டினேன். சிரித்தார்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, உருகிய ஈட்டிகளை வெட்டி எறிந்துவிட்டு, துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, பிளேடால் சீவி, முனைக்கு வெள்ளி நிறம் வைத்து நட்டேன். பெட்டியில் வந்த ஈட்டியைவிட அது நன்றாக இருந்தது. விழுந்தாலும் உடையாது, வளைந்து நிமிரும். மீதி ஈட்டிகளையும் அப்படியே மாற்றினேன். கை உருகினவர்களுக்குக் கட்டுப்போட்டு, காயம்பட்டவர்களாக நடுவில் நிறுத்தினேன்.

“இன்னாடி இது, ஒவ்வொருத்தனுக்கும் மீசை வெக்கிற?” என்றாள் அம்மா.

“மீசை இருந்தவங்கம்மா.”

“துடைப்பத்துல பாதி காணோம். வாசல் பெருக்க உன் சுவிஸ்காரன் வருவானா?”

ஆனால் அடுப்படியில் பால் பொங்குவதற்குக் காத்திருக்கும்போது பின்னால் வந்து நின்று பார்ப்பாள். ஒருநாள், “இவன் மட்டும் ஏன் சோகமா கீறான்?” என்று ஒருவனைக் காட்டினாள். அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள். அவனுக்குப் புருவத்தைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டேன்.

பிக்கோக்காவில் நிஜமாக நடந்தது இது. எதிர்ப்படை ஒரு பள்ளச் சாலைக்குப் பின்னால், மண்மேடு கட்டி, துப்பாக்கிக்காரர்களை வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தது. பீரங்கி வரட்டும், பொறுங்கள் என்று சுவிஸ்காரர்களிடம் அவர்கள் பக்கத்துத் தளபதி சொன்னார். அவர்கள் கேட்கவில்லை. நேராக ஓடினார்கள். பள்ளத்தில் இறங்கினவர்களால் மேட்டில் ஏற முடியவில்லை. ஈட்டி எட்டாத உயரத்திலிருந்து சுட்டுத் தள்ளினார்கள்.

ஆட்டத்தில் மொத்தம் பன்னிரண்டு சுற்று. பீரங்கி சுடும் இடத்துக்கு வர நாலு சுற்றாகும். இடது பக்கம் ஒரு பாலம் உண்டு. சதுரங்களைத் துப்பாக்கி எட்டாத தூரத்தில் சும்மா நிறுத்திவிட்டு, பீரங்கியால் மேட்டைக் கலைத்து, குதிரைகளைப் பாலம் வழியாகச் சுற்றவிட்டால், ஒன்பதாவது சுற்றில் இரண்டு பக்கமிருந்தும் நெருக்கலாம். இதை நான் பழைய செக்கிங் தாள்களின் பின்பக்கத்தில் படம் போட்டு வைத்திருந்தேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மனசுக்குள் அதை ஓட்டிப் பார்ப்பேன்.

அந்த ஞாயிறு இரண்டு சதுரங்களையும் ஷூ பெட்டிகளில் டிஷ்யூ தாள் சுற்றி எடுத்துக்கொண்டு காலை ரயிலில் போனேன். மேஜைக்கு முன்னால், நான் நிற்க வேண்டிய பக்கத்தில், சட்டைக் கையை மடித்துவிட்டு ஒருவர் நின்றிருந்தார். பெங்களூரிலிருந்து வந்த டாக்டரின் நண்பர். இதற்கு முன்னால் இந்தக் காலத்துப் போரை ஆடியதே இல்லையாம்.

“இவர் கெஸ்ட்டும்மா. இன்னிக்கு சுவிஸ் இவர் பார்த்துப்பார். நீ கூட நின்னு நகர்த்திக் கொடு. உன் கை சுத்தம்.”

“கையில சொல்யூஷன் இல்லையே?” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“சார், தீபாவளிக்கு முன்னாடி நீங்க சொன்னீங்க” என்றேன். அப்போதுதான் டாக்டர் பெட்டியிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே, பொறுமையைப் பற்றி அந்த வாக்கியத்தைச் சொன்னார். பாங்க்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “பொம்மை டாக்டருதும்மா. அது நம்ம வழக்கம்” என்றார்.

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். இல்லை. நின்றேன். நகர்த்திக் கொடுத்தேன். நான் பூசிய ஆட்களை, இன்னொருவர் விரல் காட்டிய இடத்துக்கு, அங்குலக் கோலால் அளந்து நகர்த்தினேன். இரண்டாவது சுற்றிலேயே அவர், “நேரா போவோம்” என்றார்.

“பீரங்கி வரட்டும் சார். இன்னும் ரெண்டு சுற்று” என்று மெதுவாகச் சொன்னேன்.

“சும்மா நின்னா போரடிக்கும்மா.”

ஐந்தாவது சுற்று முடிவதற்குள் இரண்டு சதுரமும் பள்ளத்தில் கிடந்தன. செத்தவர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பெட்டியில் வைத்ததும் நான்தான். “வரலாறே அப்படித்தானே, சுவிஸ் தோக்கத்தான் வேணும்” என்று விருந்தாளி கையைத் தட்டிக்கொண்டார். பாதகமே இல்லை, அவருக்கு நல்ல பொழுது.

“மறுபடி வைங்க சார். நான் ஆடறேன். நேரம் இருக்கு, பதினொண்ணுதான் ஆவுது” என்றேன்.

“பேஜார் பண்ணாதம்மா, பசிக்குது. ஆம்பூர்லேர்ந்து வர்ற, பிரியாணி எங்க?” என்றார் டாக்டர்.

மறுபடி சிரிப்பு. ஒரு நிமிஷம், அந்த ஈர்க்குச்சிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். பொம்மை அவருடையது, ஈட்டி எங்கள் வீட்டுத் துடைப்பம். கை பெட்டி வரைக்கும் போய்விட்டது. ஆனால் ஈட்டி இல்லாமல் அந்த நூற்று இருபது பேரும் கையை மடக்கிக்கொண்டு நிற்கும் காட்சி நினைவுக்கு வந்தது. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? விட்டுவிட்டேன்.

பெட்டியை மூடிவிட்டு பாங்க்காரரிடம் கேட்டேன். “சார், பொம்மை என்னுதா இருந்தா, யாருக்கு எந்தப் படைன்னு நான் சொல்லலாமா?”

அவர் டாக்டரைப் பார்த்தார். பிறகு சிரித்தபடி, “தாராளமா. வழக்கம்னா எல்லாருக்கும் வழக்கம்தான். ஆனா ரெண்டு பக்கமும் உன்னுதா இருக்கணும்” என்றார்.

ஈயப் பொம்மை வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. திங்கட்கிழமை கட்டிங் செக்‌ஷனைத் தாண்டிப் போகும்போது ஷூவுக்குள் அடியில் வைக்கும் இன்சோல் போர்டு வெட்டி மீந்த துண்டுகள் சாக்கில் கிடந்தன. பாதி உள்ளங்கை அகலம், கெட்டியான பழுப்பு அட்டை, ஈரத்துக்கு வளையாது. அதைத்தான் பார்த்தேன். கம்பெனி கேட்டில் பெண்களின் பையைத் தினமும் சோதிப்பார்கள். ஒரு நூல்கண்டு கூடச் சொல்லாமல் வெளியே போக முடியாது. அதனால் சூப்பர்வைசருக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

“பொம்மை செய்யவா?”

“படை செய்ய சார்.”

“எந்தப் படை?”

“ரெண்டு படை.”

தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். கேட் பாஸில் ‘கழிவு அட்டை, ஒரு பை, சொந்த உபயோகம்’ என்று எழுதியிருந்தது. செக்யூரிட்டி அண்ணன் பையில் கையை விட்டு அளைந்து பார்த்துவிட்டு, “இதுக்கா பாஸு?” என்றார். என் படையின் முதல் காகிதம் அது.

தட்டை பொம்மைகள். முன்பக்கம் முகம், பின்பக்கம் முதுகு, அடியில் ஒரு மரச்சீவல். இருநூற்று எழுபது பேர் ஆனார்கள். இந்தத் தடவை எல்லா ஈட்டியும் முதலிலிருந்தே ஈர்க்குச்சி. துடைப்பத்தை நானே காசு கொடுத்து வாங்கினேன்.

எதிரில் ஆட ஆள் வேண்டும். எங்கள் கம்பெனியில் மூன்றாவது லைனில் மெஷின் ஓட்டும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். ஒரு நாளில் அவள் தைக்கிற அப்பரில் ஒன்றுகூட என்னிடமிருந்து திரும்பிப் போகாது. அவளிடம் சொன்னேன். “எனக்கு இங்கிலீசு பொஸ்தகம் எல்லாம் வராது பாப்பா” என்றாள். “நான் சொல்றேன்க்கா, நீ கேளு.” ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுத் தரையில் பச்சைப் புடவையை விரித்து விதிகளைச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அக்காவுக்கு எல்லாம் பிடிபட்டது. பள்ளச் சாலைக்குப் பின்னால் தன் துப்பாக்கிக்காரர்களை அடுக்கிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்ப நான் இன்னா பண்ணணும்?”

“என்னை வரவிடக் கூடாது.”

“அவ்ளோதானா? நீ வா. நான் எங்கயும் போறதா இல்ல.”

அந்த முதல் ஆட்டத்தில் நான் தோற்றேன். எப்படித் தோற்றேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்யாகிவிடும். பீரங்கி வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே சுற்று. அக்கா ஒரு பகடை நன்றாக உருட்டிவிட்டு, “இன்னா பாப்பா, உன் ஆளுங்க தூங்கறாங்களா?” என்று சீண்டினாள். எனக்கு அந்த மேஜையும் டாக்டரும் அந்தச் சிரிப்பும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. சதுரம் இரண்டையும் முன்னே தள்ளினேன். பள்ளத்தில் இறங்கின பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. அக்கா ஒவ்வொருவராகப் பொறுக்கி என் மடியில் போட்டாள்.

நான் தோற்றது டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் சொன்னது சரிதானோ என்று இரண்டு நாள் பொம்மைகளைத் தொடவே இல்லை. பிறகு யோசித்தேன். அவருடைய விருந்தாளி இரண்டாவது சுற்றில் தள்ளினார். அவரைப் பார்த்து யாரும் ‘உங்களுக்கெல்லாம் வராது’ என்று சொல்லவில்லை. அவர் தோற்றால் அது ஒரு ஆட்டம். நான் தோற்றால் அது நாங்கள் எல்லோரும். எனக்கு ஆத்திரம் தணியவில்லை. ஆனால் அதை எங்கே வைக்க வேண்டும் என்று புரிந்தது. சதுரத்துக்குள் வைக்கக் கூடாது.

இரண்டாவது ஆட்டத்தில் எட்டுச் சுற்று சதுரங்களைத் தொடவே இல்லை. அக்கா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள், பாட்டுகூடப் பாடினாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவதில் என் குதிரைகள் பாலத்தைத் தாண்டி அவளுக்குப் பின்னால் வந்தன. “அடிப்பாவி, இந்தப் பக்கம் ஒரு வழி கீதா?” என்றாள். அடுத்த ஆட்டத்தில் முதல் வேலையாகப் பாலத்தில் ஆள் போட்டாள். இதுவரை ஆறு ஆடியிருக்கிறோம். அவள் மூன்று, நான் மூன்று. நாலாவதற்கு அம்மா பகடை உருட்டினாள். அக்கா பக்கம்தான் உருட்டினாள்.

புதன்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். நாலு தடவை அழித்து எழுதினேன். கோபமாக எழுதியதை எல்லாம் அழித்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்:

‘வரும் இரண்டாம் ஞாயிறு பிக்கோக்கா. ஆம்பூரில், காலை பத்து மணி. இரண்டு படையும் என்னுடையவை. சுவிஸ் சதுரங்கள் நான். எதிர்ப்படைத் தளபதி என்னோடு வேலை செய்யும் அக்கா. டாக்டர் வந்தால் அக்காவுக்குக் கீழே பாலத்துக் காவல். மற்றவர்கள் வருவதாகச் சொன்னால் இடம் ஒதுக்குகிறேன்.’

பாங்க்காரர் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். கொஞ்ச நேரம் கழித்து, ‘பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்’ என்று இன்னொருவர் எழுதினார். டாக்டர் படித்துவிட்டார் என்பது நீல டிக்கில் தெரிந்தது. ஒன்றும் எழுதவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் ஆட்டம் உண்டு என்று அக்காவிடம் சொன்னேன். “வரட்டுமே, பாலத்துல நிக்க வெக்கிறேன்” என்றாள்.

எங்கள் தெருக்கோடியில் தையல் கிளாஸ் நடக்கும் மாடி அறையில் துணி வெட்டும் மேஜை ஒன்று இருக்கிறது, ஆறடிக்கு நாலடி. ஞாயிற்றுக்கிழமை அங்கே கிளாஸ் இல்லை. நேற்று, சனிக்கிழமை சாயந்திரம், டீச்சரிடம் சாவியை வாங்கி, மேஜையைச் சுவரிலிருந்து நடுவுக்கு இழுத்துப் போட்டு, அதன் குறுக்கே பள்ளச் சாலையை ஒட்டி முடித்துவிட்டு வந்தேன்.